அம்மா கண்ட காட்டுக்கோழி

திருகோணமலை,
தைப்பொங்கல் கழிஞ்ச கிழமை, 2026.

அன்புச் சிநேகிதிக்கு,

நீ அனுப்பின படம் வந்து சேந்தது. முழங்கால் மட்டும் பனி. மூக்கு மட்டும் போத்துக்கொண்டு உன்ர வெள்ளைக்காரச் சம்பந்தி வீட்டார் வரிசையா நிக்கினம். நடுவில உன்ர மகன் செத்த கோழி ஒண்டைக் காலில பிடிச்சுத் தூக்கிக்கொண்டு பல்லைக் காட்டுறான். "என்ர பிள்ளை முட்டைகூடத் தொடமாட்டான்" எண்டு காளி கோயில் வீதி முழுக்கச் சொல்லித் திரிஞ்சது ஆர் எண்டு நான் கேக்கேல்லை. அம்மாவுக்குக் காட்டினன். கண்ணாடியைப் போட்டு வடிவாப் பாத்திட்டு, "சுட்டது சரி, உரிக்கிறது ஆராம்?" எண்டு கேட்டா.

உங்கட ஊரிலயும் இப்பிடி மாரி முடியிற நேரம் குடும்பமாப் போய்ச் சுடுற வழக்கம் இருந்ததோ எண்டு உன்ர சம்பந்தியம்மா கேட்டவவாம். இருந்ததெண்டு சொல்லு. பனிதான் இல்லை. 'குடும்பமா' எண்டதும் முழுக்கச் சரியில்லை. ஆம்பிளையள் போவினம், குடும்பம் வீட்டில கொதிதண்ணி வைச்சுக்கொண்டு காத்திருக்கும். இந்தத் தையில அது தலைகீழாப் போச்சு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு கடுதாசி. வாட்ஸ்அப்பில தட்டினா நீ பாதியில "பிறகு கதைக்கிறன்" எண்டு ஓடிவிடுவாய்.

முதல்ல உன்ர கோழியின்ர பூர்வீகம் கேள். கழுத்தில வெள்ளை வளையம் போட்ட அந்தப் பெஸன்ட் உங்கட பக்கத்துப் பறவையே இல்லையாம். 1880களின்ர தொடக்கத்தில ஷாங்காயில அமெரிக்கத் தூதரகத்தில இருந்த ஓவன் டெனி எண்டவர் சீனத்தில பிடிச்சுக் கப்பலேத்தி ஒரிகனுக்கு அனுப்பினதாம். அங்க பெருகி, இப்ப தென் டகோட்டாவுக்கு மாநிலப் பறவையே அதுதான். விசா இல்லை, ஸ்பொன்சர் இல்லை, ஆங்கிலச் சோதினை இல்லை. போய்ச் சேந்து ஒரு மாநிலத்தையே எழுதி வாங்கியிருக்கு. உன்ர அவருக்குச் சொல்லு, சந்தோசப்படுவார்.

அந்தப் பெஸன்ட் குடும்பத்தில எங்கட ஆக்களும் இருக்கினம். மயில், காடை, கௌதாரி, காட்டுக்கோழி எல்லாம் ஒரே வம்சம். மயிலைப் பற்றி ஒரு புதினம் உனக்குச் சொல்ல மறந்தனான். போன வருசம் மார்ச் 15, காலமை எட்டு மணிக்கு, சரியா அஞ்சு நிமிசம், நாடு முழுக்க அவரவர் வளவில நிண்டு பயிரைத் தின்னுற குரங்கு, அணில், மயில் எல்லாத்தையும் எண்ணச் சொல்லி அரசாங்கம் கடுதாசி தந்தது. எங்கட ஒழுங்கையில எல்லாரும் பென்சிலோட முத்தத்தில. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி பக்கத்து வீட்டுப் பிள்ளையளையும் குரங்குக் கணக்கில சேத்தவ எண்டு கதை. நான் பேர் சொல்லமாட்டன், உனக்கு விளங்கும். கடைசியில நாட்டில 40 இலட்சத்துக்கு மேல மயில் எண்டு கணக்கு வந்தது. அஞ்சு பேருக்கு ஒரு மயில்! ஒரு மயில் அஞ்சு வளவால நடந்துபோனா அஞ்சு மயில் எண்டு எழுதுவினம் எண்டது என்ர எண்ணம். ஆனா கச்சான் போட்ட தம்பலகாமத்துச் சனத்திட்டக் கேட்டால் கணக்கு குறைவு எண்டுதான் சொல்லுவினம்.

காட்டுக்கோழி அப்பிடி வளவுக்குள்ள வந்து நிக்கிற சாதி இல்லை. இலங்கையை விட்டு உலகத்தில வேறெங்கயும் அது இல்லை. தேசியப் பறவை எண்டு பள்ளிக்கூடத்தில பாடமாக்கினனாங்கள், கண்டனாங்களோ? சேவல் செம்பொன் நிறம். செட்டையும் வாலும் ஊதாவில கறுப்பு. சிவத்தக் கொண்டைக்கு நடுவில மஞ்சள். பேடு மண்நிறம், கொண்டை எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. 1831இல லெஸ்ஸோன் எண்ட பிரெஞ்சுக்காரர் இதுக்கு லஃபாயெத் பிரபுவின்ர பேரை வைச்சவர். அமெரிக்கச் சுதந்திரத்துக்காகச் சண்டைபிடிச்ச மனுசன் அவர்; எங்கட காட்டுப்பக்கம் தலைவைச்சும் படுக்காதவர். பெரிய இடத்தாக்களின்ர பேரை வைச்சு நல்லபேர் எடுக்கிற வேலை அப்பவே இருந்திருக்கு. சேவலின்ர கூவலும் வீட்டுச் சேவலின்ர நீட்டுக் கூவல் இல்லை. சுருக்கா, வெட்டி வெட்டிக் கூவும். வெள்ளைக்காரரின்ர காதுக்கு அது "ஜோர்ஜ் ஜோய்ஸ்" எண்டு கேட்டதாம். என்ர பெரியப்பாவுக்கு "சுடு, பாப்பம்" எண்டு கேக்கும்.

பெரியப்பாவிட்ட வர முதல் மாரியைச் சொல்லவேணும். உனக்குக் குளிர் எண்டா மைனஸ் இருவது. எங்களுக்கு 23 பாகை. சிரிக்காதை; நீயும் ஒருகாலம் இந்த 23 பாகைக்குள்ள காதடைப்பான் கட்டிக்கொண்டு திருவெம்பாவைக்கு வந்தனி. வாடைக்காத்து நேர கடலில இருந்து ஏறி, நனைஞ்ச சீலையோட சேத்து எலும்பைப் பிடிக்கும். வருசத்து மழையில பாதிக்கு மேல ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில கொட்டித் தீந்திடும். வெளிக்கடலுக்கு ஆரும் இறங்கேலாது. உள்துறைமுகத்துக்குள்ளயும் கொட்டியாரக்குடாவுக்குள்ளயும் வலை வைச்சுக் காலத்தைக் கொண்டுபோவினம். புறாமலைத் தீவுக்கு வள்ளமே ஓடாது.

இந்த மாரி பகிடிக்குரியதும் இல்லை. நவம்பர் கடைசியில டித்வாப் புயல் வந்து நாடு முழுக்க 600 பேருக்கு மேல கொண்டுபோச்சு. மாவிலாற்று அணை உடைஞ்சு மூதூர், வெருகல் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போட ஓடினது. 2020இல புரெவி எங்கட பக்கத்தில, குச்சவெளிக்கும் திரியாய்க்கும் கிட்டத்தான் கரையேறினது. ஆனா எல்லாரையும் பயப்படுத்தின அளவுக்கு அது செய்யேல்லை. அந்த நினைப்பில இருந்த சிலபேர் இந்த முறை கடைசி நேரம்வரை அசையேல்லை. எங்கட வீட்டு மதில் ஒரு பக்கம் சரிஞ்சது, முருங்கை போச்சு. அதோட தப்பினம்.

தை பிறந்தா மழை ஓயும், காத்து ஓயாது. அந்த இடைவெளிதான் எங்கட வீட்டில வேட்டைக்காலம். காரணம் இருக்கு. மாரி முடியிற நேரம் காடு முழுக்கச் சொட்டிக்கொண்டு நிக்கும். காட்டுக்கோழிக்கு அந்தச் சொட்டல் பிடியாது. விடியக்காத்தால செட்டை உலத்த வெளிக்கு, றோட்டுக்கரைக்கு வந்து நிண்டு, பூச்சி புழுவைக் கிளறிக்கொண்டிருக்கும். சேனையளில குரக்கனும் சோளமும் வெட்டுற நேரம், சிந்தின மணிக்கும் வரும். மாசிக்குப் பிறகு முட்டையிடத் தொடங்கிடும். முட்டைக்கு முந்திச் சுட்டால் பாவம் குறைவு எண்டது பெரியப்பாவின்ர சித்தாந்தம். சேவலைக் கொண்டுபோனபிறகு பேடு என்ன செய்யும் எண்டு அம்மா ஒருக்காக் கேட்டவவாம். அதுக்கு அவர் சுருட்டைப் பத்தவைச்சாராம்.

பெரியப்பா துறைமுகத்தில குமாஸ்தா எண்டது உனக்குத் தெரியும். 1957இல வெள்ளைக்கார நேவி துறைமுகத்தைக் கையளிச்சிட்டுப் போகேக்க ஆரோ ஒரு துரை விட்டுட்டுப்போன மழைக்கோட்டு அவருக்குக் கிடைச்சது. அது அவரின்ர கணுக்கால்வரை வரும். அந்தக் கோட்டு, ஒற்றைக்குழல் துவக்கு, மொரிஸ் மைனர் கார், கூட எங்கட அப்பா, சின்ன மாமா, பன்குளத்தில இருந்து வழிகாட்ட வாற ஒருத்தர். அநுராதபுர வீதியால, கன்னியா தாண்டி, இருட்டோட போவினம். திரும்பி வரேக்க கோழி ஒண்டோ ரெண்டோ இருக்கும். கதை பத்து இருக்கும். இடுப்பளவு தண்ணியில ஆறு கடந்தது, கரடி எதிர்ப்பட்டது, நாலு மைல் சேத்துக்குள்ள நடந்தது. நாங்கள் சின்னனில வாயைப் பிளந்துகொண்டு கேட்டனாங்கள்.

பெரியப்பா செத்து எட்டுச் சிலவு முடிஞ்ச அண்டைக்குத்தான் சின்ன மாமா உண்மையைச் சொன்னவர். காரை விட்டு இறங்கிறதே இல்லையாம்! மழைக்கோட்டுச் சேறாகும் எண்டு. மொரிஸ் மைனரை மெல்ல உருட்டிக்கொண்டு போறது, றோட்டுக்கரையில கோழி நிண்டா ஜன்னலால வெடி. நாலு மைல் எண்டது கார் மீற்றரில விழுந்த கணக்கு. பன்குளத்தார்தான் இறங்கி ஓடி எடுத்துக்கொண்டு வருவாராம். கோட்டில இருந்த சேறு, வீட்டு வாசலில காரை விட்டிறங்கேக்க எங்கட ஒழுங்கையில பட்டது.

இப்ப அம்மாவின்ர பங்கு. கார் சத்தம் கேட்டா அடுப்பில அண்டா ஏறவேணும். ஈரக்கோழியைக் குசினி வாசலில போட்டிட்டு வீரர்மார் தலை துடைச்சுக் கோப்பி குடிக்கப் போயிடுவினம். அம்மாவும் பெரியம்மாவும் குந்தி இருந்து இறகு பிடுங்கவேணும். காட்டுக்கோழித் தோல் மெல்லிசு. அவசரப்பட்டா தோலோட கிழிஞ்சு வரும். செட்டைக்குக் கீழ, நெஞ்சுக்குள்ள எண்டு சன்னத்தைத் தேடித் தேடி எடுக்கவேணும். எடுத்தும் ஒண்டு ரெண்டு தப்பி ஆற்றையும் பல்லில கடிபடும், அதுக்கும் ஏச்சு. இறைச்சி நார். பப்பாக்காய்த் துண்டு போட்டு, மிளகும் மல்லியும் வறுத்து இடிச்ச சரக்கில கனநேரம் அவியவிட்டு, குரக்கன் புட்டோட வைப்பினம். தொடை ரெண்டும் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும். நெஞ்சு வந்த ஆக்களுக்கு. குசினிக்குள்ள மிஞ்சிறது கழுத்தும் முதுகெலும்பும். வெள்ளிக்கிழமையில சுட்டுக்கொண்டு வந்தா வீட்டுக்குள்ளயே எடுக்கேலாது. மாட்டுக்கொட்டிலில கிடக்கும், சனிக்கிழமை விடியவிட்டுத்தான் அண்டா.

இவையள்தான் இப்பிடி எண்டில்லை. இந்தத் துறைமுகத்துக்கு வந்த வெள்ளைக்காரர் எல்லாருக்கும் தோளில ஒரு துவக்கு. நுவரெலியாவில தோட்டம் போட்ட சாமுவேல் பேக்கர் எங்கட பக்கக் காடெல்லாம் அலைஞ்சு யானை சுட்டு, அதைப் புத்தகமாவும் எழுதினவர். நேவித் துரைமாருக்கு உள்ளானில பைத்தியம். சைபீரியாவில இருந்து மாரிக்குத் தப்பி வயல் வயலா வந்திறங்கிற அந்தக் குஞ்சுப் பறவை வளைஞ்சு வளைஞ்சு பறக்கும். அதைச் சுட்டு விழுத்தினவனுக்குக் கிளப்பில மரியாதை. ஒரு உள்ளானில எவ்வளவு இறைச்சி வரும் எண்டு கேளாதை. புறாமலைக்குப் பேர் வந்தது அங்க கூடு கட்டுற மாடப்புறாவால. வெள்ளைக்காரர் காலத்தில அதைச் சூட்டுப் பயிற்சித் தளமா வைச்சிருந்தவை. புறா எப்பிடித் தப்பினது எண்டதுதான் அதிசயம். 1963இல சரணாலயம் ஆக்கி, 2003இல தேசியப் பூங்கா ஆக்கினது.

அவையளுக்குள்ள எனக்குப் பிடிச்ச ஒரு ஆள் இருக்கு. லெக் எண்டு பேர், பீரங்கிப் படைக் கப்டன், தஸ்மேனியாவில பிறந்தவர். 1870களில திருகோணமலையிலயும் வேலை பாத்தவர். மற்ற ஒஃபிசர்மார் சுட்டதைக் கறி வைக்க, இவர் சுட்டதை அளந்து, நிறுத்து, வயித்துக்குள்ள என்ன கிடக்கு எண்டு வெட்டிப் பாத்து எழுதினார். 1878 தொடக்கம் 1880 வரை பகுதி பகுதியா வந்த அவரின்ர இலங்கைப் பறவைகள் வரலாறு கையால நிறம் தீட்டின படங்களோட வந்த பெரிய புத்தகம். படங்கள் கூலெமன்ஸ் வரைஞ்சது. அவரும் சுட்டவர்தான், நான் வக்காலத்து வாங்கேல்லை. ஆனா சுட்டதுக்கு ஒரு கணக்காவது விட்டுட்டுப் போனார். பெரியப்பா விட்டுட்டுப் போனது மழைக்கோட்டு.

மாரிப் புயல் கொண்டுவந்து சேத்த ஒரு அப்பன் மகன் கதையும் உனக்குத் தெரியும், மூதூரில புளியமரத்தடியில கல்விச் சுற்றுலா போய் நிண்டு சோறு தின்ட ஆக்கள்தானே நாங்கள். 1659 நவம்பரில மசூலிப்பட்டினத்தடியில புயலில பாய்மரத்தை இழந்து, அதைச் சரிக்கட்டக் கொட்டியாரக்குடாவுக்கு வந்த கப்பல். வந்த இடத்தில கண்டி ராசாவின்ர ஆக்கள் கப்டனையும் பேருக்குப் பேரான மகன் ரொபர்ட் நொக்ஸையும் பிடிச்சுக்கொண்டு போச்சினம். அப்பன் 1661இல காய்ச்சலில செத்தார். மகன் 1679இலதான் தப்பினவன். வேட்டைக்கு எண்டு வெளிக்கிட்டா ஆர் ஆரைப் பிடிக்கிறது எண்டு முன்கூட்டிச் சொல்லேலாது எண்டு எங்கட சரித்திர ரீச்சர் சொல்லுறவ, ஞாபகமோ?

உண்மையான வேட்டைக்காரர் எண்டா அது வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வேடர்தான். தமிழ் கதைக்கிற கரையோர வேடர். 1911இல செலிக்மன் தம்பதி எழுதின வேடர் புத்தகத்திலயும் அவையளுக்கு ஒரு இடம் இருக்கு. அவையளுக்குக் காட்டில எடுக்கிறதுக்கு அளவும் நேரமும் முறையும் இருந்தது, தெய்வத்திட்டக் கேட்டுத்தான் எடுத்தவை. எங்கட ஆக்கள் பொழுதுபோகேல்லை எண்டு போனவை.

சட்டம் இல்லையோ எண்டு சம்பந்தியம்மா கேப்பா. இருக்கு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பெரியப்பா துவக்குத் தூக்க முதலே வந்திட்டுது. அவரின்ர காதுக்குத்தான் வந்து சேரேல்லை. அவரை நிப்பாட்டினது சட்டம் இல்லை, சண்டை. எண்பதுகளில உரிமத் துவக்கெல்லாத்தையும் ஒப்படைக்கச் சொன்னாப்போல, ஒற்றைக்குழல் போச்சு. பிறகு காட்டுக்குள்ள போறதெண்டா உசிரைக் கையில பிடிச்சுக்கொண்டு போறது எண்டாச்சு. சனம் இல்லாத காட்டில கோழிக்கு நல்ல காலம் எண்டு சிலர் எழுதுவினம். மிதிவெடிக்கு மனுசக்கால் எது, மான்கால் எது எண்டு தெரியாது. அதனால அந்தக் கதையை நான் அவ்வளவா நம்பிறதில்லை.

இப்பவும் களவா நடக்குது. கட்டுத்துவக்குக் கட்டுறது, சுருக்கு வைக்கிறது. கொடுமையிலும் கொடுமை, தீனிக்குள்ள வெடிமருந்து வைச்சுக் காட்டுப்பண்டிக்குப் போடுற ஹக்கபட்டாஸ். அதை யானைக்குட்டி கடிச்சு வாய் சிதறிச் சாப்பிடேலாமல் கிடந்து சாகும். எங்கட ஒழுங்கையிலயும் ஒருத்தர் பொங்கலுக்கு முதல்நாள் சைக்கிளில வந்து "காட்டு இறைச்சி இருக்கு" எண்டு கண்ணைச் சிமிட்டினவர். மாமி என்னைப் பாத்தா, நான் கேற்றைப் பாத்தன். அவர் போயிட்டார். மூண்டாம் வீட்டில வெங்காயம் வதக்கிற மணம் வந்தது உண்மை. அதுக்கு மேல நான் ஒண்டும் சொல்லேல்லை.

சரி, இந்த முறைப் பயணத்துக்கு வாறன். லண்டனில இருந்து தம்பியின்ர மூத்தவன் வந்து நிக்கிறான். பறவை பாக்கிற பெடியன். ஒவ்வொரு ஜனவரியும் ஆசியா முழுக்க நீர்ப்பறவை எண்ணுவினமாம், 1987இல இருந்து நடக்குதாம், கந்தளாய்க் குளத்தில நிண்டு தானும் எண்ணவேணும் எண்டு வந்தவன். வந்த இடத்தில "காட்டுக்கோழி பாக்காமல் போகமாட்டன்" எண்டு ஒற்றைக்காலில நிண்டான். தம்பிக்கு உடன பெரியப்பாவின்ர ஆவி பிடிச்சிட்டுது. துவக்குக்குப் பதிலா என்ர கை நீளத்துக்கு ஒரு கமெரா லென்ஸ். விடியக்காலமை வான் பிடிச்சாச்சு. "பொம்பிளையள் ஏன்? மழை, குளிர், கஷ்டப்படுவியள்" எண்டான். மச்சாள் கதைக்கேல்லை; போய் முன் சீற்றில ஏறி இருந்திட்டா. அம்மாவும் "நானும் வாறன்" எண்டா. எண்பது தாண்டின மனுசி! காதடைப்பான், ரெண்டு கம்பளி, மடியில பிளாஸ்க். மாமியைத் தனிய விட்டிட்டுப் போகேலாது, அவவும் ஏறினா. ஏறினதில இருந்து லண்டன் பெடியனுக்குப் பேச்சுப் பொருத்தம். நிலாவெளியில ஒரு பெட்டை இருக்காம், வங்கியில வேலை, செவ்வாய் தோசம் இல்லை. பெடியன் பைனாகுலரைக் கண்ணில இருந்து எடுக்கவே இல்லை, வெளியில இருட்டு எண்டாலும்.

கன்னியா தாண்டினவுடன மழை பிடிச்சுது. தை மழை எண்டு சொல்லுற தூறல் இல்லை. கண்ணாடி துடைக்கிற தடி அடிச்சுக்கொண்டே இருந்தது. சோதினைச் சாவடியில நிண்ட பெடியன் "எங்க போறியள்?" எண்டு கேக்க, "காட்டுக்கோழி பாக்க" எண்டு என்ர மனுசன் சொன்னார். அவன் வானுக்குள்ள இருந்த கிழவியளைப் பாத்தான், லென்ஸைப் பாத்தான், ஒண்டும் கேக்காமல் கையைக் காட்டிவிட்டான். றோட்டில யானை லத்தி, இன்னும் சூடு ஆறேல்லை. டிரைவர் "இறங்க வேண்டாம்" எண்டார். பன்குளத்தடியில ஒரு குளக்கட்டைக் கண்டதும் தம்பியும் இவரும் பெடியனும் இறங்கினவை. எந்தப் பக்கம் போறது எண்டதில மச்சானும் மச்சானும் கிசுகிசுத்துச் சண்டை. காட்டில சத்தம் போடக்கூடாதாம், அதனால கையால சண்டை பிடிச்சினம். பிறகு மூண்டு பேரும் நனைஞ்சுகொண்டு கட்டுக்கு மேலால போய் மறைஞ்சினம்.

நாங்கள் வானுக்குள்ள. பிளாஸ்க் திறந்து தேத்தண்ணி ஊத்தி, பாணும் சீனிச்சம்பலும் எடுத்து, உன்னைப்பற்றியும் கொஞ்சம் கதைச்சு, மழை தணிஞ்ச கையோட மச்சாள் என்ர முழங்கையில இடிச்சா. வானுக்கு முன்னால, றோட்டில, கல்லெறி தூரம்கூட இல்லை. சேவல். பின்னால ரெண்டு பேடு. வெய்யில் ஒரு துண்டு மேகத்தைக் கிழிச்சுக்கொண்டு வந்த நேரம். சேவல் நிண்டு செட்டையை அடிச்சு உதறினது, முதுகு முழுக்கப் பொன் உருகி வழிஞ்ச மாதிரி. கொண்டைக்குள்ள அந்த மஞ்சள். வாலை வில்லா வளைச்சு, ஒரு காலைத் தூக்கி வைக்க யோசிச்சு, பேடுகளைத் திரும்பிப் பாத்து, பிறகு தெருவைக் கிளறத் தொடங்கினது. அவசரமே இல்லை. மாமி மெல்லமாச் சொன்னா: "அஞ்சு பேருக்குக் கறி வரும்." மாமிக்குக் கணக்குப் பிழைக்காது.

அம்மா ஒண்டும் பறையேல்லை. எழும்பி, சீற்றைப் பிடிச்சுக்கொண்டு, முன்கண்ணாடியடிக்குப் போனா. எத்தினையோ கோழியை உரிச்ச மனுசி, ஒண்டையாவது உசிரோட, நடக்கிற கோலத்தில கண்டதில்லை. அது அவ சொல்லித்தான் எனக்கே விளங்கினது. "இந்த வால் இவ்வளவு நீளமோ?" எண்டு கேட்டா. பெரியப்பா வீட்டு வாசலிலயே வாலிறகைப் பிடுங்கித் தொப்பியில குத்திறவராம். குசினிக்கு வாறது மொட்டைக்கோழி, கண் மூடி, நனைஞ்சு, ஒரு சுருட்டல். "உந்த நிறம் ஒண்டும் வீட்டுக்கு வரேல்லையடி" எண்டா.

நான் அழப்போறா எண்டு நினைச்சு லேஞ்சியை எடுத்தன். அழேல்லை. கோவம் வந்திட்டுது! "இவ்வளவு கிட்ட, வானுக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாக்கக்கூடிய சாமானை, எங்களை ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாரோ? கரடியாம், ஆறாம்!" எண்டு செத்துப்போன மைத்துனரை அந்த நடுக்காட்டில வைச்சு ஏசத் தொடங்கினா. குரல் உயர, சேவல் தலையைத் தூக்கிப் பாத்திட்டு ரெண்டு பேட்டோடயும் பத்தைக்குள்ள பூந்திட்டுது. அம்மா அதுக்குப் பிறகும் ஏச்சை நிப்பாட்டேல்லை. அப்பாவும் வந்தார் அந்த ஏச்சுக்குள்ள, மழைக்கோட்டும் வந்தது, தொடை இறைச்சியும் வந்தது.

ஆம்பிளையள் திரும்பி வந்தினம், சொட்டச் சொட்ட. லென்ஸுக்குள்ள தண்ணி. இவரின்ர காலில அட்டை. ஒரு நீர்க்காகம் கண்டவையாம். நாங்கள் சொன்னதை நம்பேல்லை. "படம் எங்க?" எண்டான் தம்பி. மச்சாள் கைபேசியில எடுத்த படத்தில துடைக்கிற தடி மட்டும் வடிவா விழுந்திருக்கு, பின்னால செம்மையா ஏதோ கலங்கல். அது செங்கல்லாவும் இருக்கலாமாம்! பெடியன் மட்டும் அம்மாவின்ர பக்கத்தில வந்திருந்து, கொண்டை எப்பிடி, வால் எப்பிடி எண்டு ஒவ்வொண்டாக் கேட்டு ஒரு கொப்பியில எழுதினான். "அப்பம்மா கண்டது சரியான சேவல்தான்" எண்டு தீர்ப்புச் சொன்னான். அவனுக்கு நிலாவெளிப் பெட்டை கிடைக்கவேணும் எண்டு நானும் இப்ப நினைக்கிறன்.

திரும்பி வரேக்க கன்னியாவில இறங்கி எல்லாரும் ஏழு கிணத்திலயும் அள்ளி வாத்தம். மாரிக்குளிருக்கு அந்தச் சுடுதண்ணி, அடியேய், உன்ர கனடாவில கோடி குடுத்தாலும் வராது. பின்னேரம் வீட்டில கடையில வாங்கின புறோயிலர், காட்டுக்கோழிச் சரக்கில. தொடை ரெண்டையும் அம்மா தானே எடுத்துக்கொண்டா. ஆரும் வாய் திறக்கேல்லை. இரவு குடும்ப வாட்ஸ்அப்பில தம்பி எழுதியிருக்கிறான்: "பன்குளத்தில மூண்டு சேவல் கண்டம். சேத்துக்குள்ள நல்ல நடை." கீழ பிரான்சில இருக்கிற சித்தப்பா எட்டுக் கைதட்டல் போட்டிருக்கிறார். மச்சாள் அதை எனக்குக் காட்டிப்போட்டு, சிரிச்சுச் சிரிச்சுக் கதவைச் சாத்தினவ.

நீ வாறதெண்டால் ஆடி, ஆவணியில வராமல் தை, மாசியில வா. கடல் குளிக்கேலாது, ரிக்கெற் விலை கூட, எல்லாம் தெரியும். ஆனா காடு பச்சை, கோட்டைக்குள்ள மானுக்கும் புல் இருக்கும். கோடையில பாவம் அதுகள் ரவுனுக்குள்ள வந்து பொலித்தீனை மெல்லுதுகள். சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. துவக்கு வேண்டாம், அவவுக்கு முன் சீற் தரலாம்.

வரேக்க பைனாகுலர் ஒண்டு வாங்கிக்கொண்டு வா, அம்மாவுக்கு. பாரம் இல்லாததாப் பார், அவவுக்குக் கை நடுங்கும். தம்பிக்குச் சொல்லாதை, "நான் வைச்சிருக்கிறன்" எண்டு வாங்கி அலுமாரியில பூட்டிப்போடுவான்.

உன்ர,
பழைய வாங்குச் சிநேகிதி